மேக ஏரிக்கரையில் ஒரு மலைவிடுதி

நம் கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங் சிகரம் 6,600 அடிக்கு மேல் உயரமுள்ளது. அங்கே தேயிலைத் தோட்டத்தில் உறவினர் உள்ளவர்கள், விடியற்காலைக் குளிரைப் பெரிதாகச் சொல்வார்கள். இன்று நாம் காணப்போகும் வாஷிங்டன் மலை அதைவிடக் குட்டை, 6,288 அடிதான். அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ ஹேம்ப்ஷையர் மாநிலத்தில் இருக்கிறது. ஆனால், அங்கே கோடைக் காலத்திலும் பனிப்புயல் அடிப்பதுண்டு.

வடக்கே வெகுதூரம் தள்ளியிருப்பது ஒரு காரணம். பல திசைகளிலிருந்து வரும் புயல்கள் அவ்வழியே கடந்து செல்வது மற்றொரு காரணம். 1934 ஏப்ரல் 12ஆம் நாள் அதன் உச்சியில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதாக அளந்தார்கள். 1996இல் ஆஸ்திரேலியாவில் அடித்த புயல்தான் அதை மிஞ்சியது.

இம்மலைக்கு 1819இல் ஏபெல் கிராஃபோர்டு என்பவரும் அவர் மகன் ஈத்தனும் ஒரு பாதை வெட்டினார்கள். அதன் பெரும்பகுதி மரமே வளராத உயரத்தில் செல்கிறது. நம் காட்டில் மழை பிடித்தால் ஒரு மரத்தடியாவது கிடைக்கும். அங்கே பாறையும் புல்லும்தான்.

உச்சியில் அந்தக் காலத்திலேயே விடுதி கட்டிவிட்டார்கள். ஆனாலும் 1855 செப்டம்பரில் லிஸ்ஸி போர்ன் என்ற இளம்பெண், வேறொரு வழியாக உறவினரோடு ஏறிவந்து, இருட்டிலும் பனிமூட்டத்திலும் சிக்கி இறந்துபோனாள். பொழுது விடிந்த பிறகுதான், விடுதி கூப்பிடு தூரத்தில் இருந்தது தெரிந்ததாம்! இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் பிள்ளைகள் வாயடைத்துப் போவதை நாம் கண்டிருக்கிறோம்.

மற்றொரு துயரம் 1900 ஜூன் 30இல் நேர்ந்தது. அப்பலாச்சியன் மலைக் கழகத்தார் உச்சியில் கூடியிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்காக வில்லியம் கர்ட்டிஸும் ஆலன் ஆர்ம்ஸ்பீயும் கிராஃபோர்டு பாதையில் நடந்தார்கள். கர்ட்டிஸுக்கு வயது 63. பெயர்பெற்ற விளையாட்டு வீரர். மற்றவர் முப்பதை எட்டாத இளைஞர். வழியிலிருந்த ஒரு சிகரத்தில் பதிவேட்டில் பெயரெழுதி, குளிரையும் காற்றையும் குறித்துவிட்டு மேலே சென்றார்கள். பிறகு உறைபனியோடு புயல் பிடித்துக்கொண்டது. புயல் தணிந்தபின் கர்ட்டிஸின் உடல் மேக ஏரிகளின் அருகே கிடைத்தது. இளைஞரின் உடல் உச்சிக்கு மிக அருகில் கிடந்தது. முதியவருக்கு உதவி தேடித்தான் அவர் தனியே ஏறினார் என்று நம்புகிறார்கள். இறந்தவர்கள் மலைக்குப் புதியவர்கள் அல்லர் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். உச்சியில் கூரை இருந்தது, வழியில் இல்லை.

மறு ஆண்டே, 1901இல், அந்த ஏரிகளுக்கு அருகில் கழகத்தார் ஒரு சிறு மரக் குடில் அமைத்தார்கள். ஆபத்துக்கு ஒதுங்கும் இடம் அது. ஆனால் நடப்பவர்கள் அதையே தங்குமிடமாக்கிக் கொண்டார்கள். களைத்தவன் கூரையைக் கண்டால் விடுவானா? ஆகவே 1915இல், 5,000 அடிக்குச் சற்று மேலே, கல்லால் முறையான விடுதி எழும்பியது. பின்னர் பெரிதாக்கப்பட்டு, இப்போது சுமார் 90 பேர் தங்குகிறார்கள்.

அங்கே சமையலும் பணிவிடையும் பெரும்பாலும் கல்லூரி வயது இளைஞர்களுடையவை. பருவத் தொடக்கத்தில் கனத்த பொருள்களை ஹெலிகாப்டர் இறக்கிவிடும். பிறகு, காய்கறி போன்றவற்றை மரச்சட்டத்தில் உயரமாகக் கட்டி, முதுகில் சுமந்து வருகிறார்கள். பால் வாளி தூக்கிப் பழகிய நம்மவர்க்கு, மேடு பள்ளத்தில் அந்தச் சுமை எப்படி அழுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. குப்பையையும் அவர்கள்தாம் சுமந்து அகற்ற வேண்டும்.

குளிர்காலத்தில் விடுதியை அடைத்துவிடுவார்கள். அப்போதும் அடித்தளத்தில் ஒரு சிறு அறையை மட்டும் பூட்டுவதில்லை. புயலில் அகப்பட்டவர் யாராயினும் அந்தக் கதவைத் தள்ளி உள்ளே போகலாம்.