அந்தரே கதைகளும் கண்டி அரசும்

மெய்ப்பாடுகள் எட்டனை வகுத்த தொல்காப்பியனார் அவற்றுள் நகையையே முதற்கண் வைத்தனர். பிறரை எள்ளுதல், இளமை, பேதைமை, மடமை என்னும் நான்கும் நகை பிறக்கும் நிலைக்களன்கள் என்றும் அவர் வரையறுத்தனர். இலக்கணநூலார் இத்துணை மதித்த நகையை வரலாற்று மாணவர் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. கல்வெட்டும் உடன்படிக்கையும் ஆள்வோர் செய்தவற்றைக் கூறும். ஆளப்பட்டோர் அவர்களை எங்ஙனம் கருதினர் என்பதை அறிதற்கோ, மக்கள் வாய்வழி வந்த சிறுநகைக் கதைகளையும் நாடவேண்டியுளது. கண்டி அரசவையின் விகடகவி எனப் போற்றப்படும் அந்தரே பற்றிய கதைகள் இதற்குத் தக்க சான்றாகும்.

அந்தரே தென்னிலங்கையிலுள்ள திக்குவெல்லையிற் பிறந்தவன் என்பது மரபு. அவன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் (1747–1782) அவையில் இருந்தான் என்பர் சிலர். அவன் தம்பி இராசாதி இராசசிங்கன் (1782–1798) அவையில் இருந்தான் என்பர் வேறு சிலர். இருவரும் நாயக்க மரபினர். சிங்கள மன்னனாகிய நரேந்திரசிங்கன் 1739 இல் அரசுரிமைக்குரிய மைந்தனின்றி இறக்கவே, மதுரையிலிருந்து வந்த அவன் பட்டத்தரசியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விசய இராசசிங்கன் என்னும் பெயருடன் முடிசூடினான். அன்றுதொட்டு 1815 வரை நாயக்க மன்னர் நால்வர் கண்டியை ஆண்டனர். சைவச் சூழலில் வளர்ந்த அவர்கள் பௌத்த சமயத்தின் காவலராயினர். 1753 இல் சீயத்திலிருந்து உபாலி தேரரை வருவித்து உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டியவன் கீர்த்தி ஸ்ரீயே. அவன் தம்பியோ சிங்களத்திற் காவியம் இயற்றுமளவுக்கு அம்மொழியிற் புலமை எய்தினான்.

அக்காலத்தில் மேல்நாட்டுக்குச் செல்லும் வாயில்களுள் ஒன்று கடுகண்ணாவைக் கணவாய். பறங்கியர் படைகளை எதிர்த்து நின்ற பலனைக் கோட்டை அதற்கு அணித்தேயுளது. 1820 ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் பெருவீதி அமைக்கத் தொடங்குமுன்னர், அம்மலைச்சரிவில் ஏறுவோர் கால்நடையாகவே ஏறினர். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறுதற்கு அம்பலங்கள் இருந்தன. கடுகண்ணாவையிற் பழைய அம்பலம் ஒன்று இன்றும் காணப்படுகின்றது. நெடுங்கதை கூறுதற்கு வழிப்போக்கனுக்குப் பொழுதில்லை. சுமையை இறக்கி வைத்து வெற்றிலை மென்று முடிப்பதற்குள் கதை தொடங்கி முடிதல் வேண்டும். கேட்டவன் மறவாது மற்றோரிடத்துக் கூறத்தக்கதாகவும் அஃது அமைதல் வேண்டும். இத்தகைய சூழலில் வழங்குங் கதையிலே வேண்டாத சொற்கள் தாமே உதிர்ந்து போகும். அந்தரே கதைகளின் சுருக்கத்தை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம்.

அவற்றுட் பெரிதும் வழங்குவது சர்க்கரைக் கதை. அரண்மனை முற்றத்தில் ஒருநாள் பாய்களின்மேற் சர்க்கரை உலர்த்தப்பட்டிருந்தது. “இஃது யாது?” என வினவிய அந்தரேயை ஏமாற்றக் கருதிய மன்னன், “மணல்” என விடையிறுத்தான். அந்தரே மறுமொழி கூறாது வீடு சென்று, மகனுக்குச் சில சொல்லிவிட்டு அவைக்கு மீண்டான். சிறிது நேரத்தில் மகன், “தாய் இறந்தாள்!” என்று அலறிக்கொண்டு ஓடிவந்தான். “அவள் போனபின் நமக்கேது வாழ்வு? இனி நம் வாயில் மண்தான்!” என்று அந்தரேயும் அழுது பாயின்மேல் வீழ்ந்தான். தந்தையும் மகனும் அந்த ‘மணலை’ வாயார உண்டனர்.

இக்கதை நகை விளைப்பது எதனால்? முதலாவது, அந்தரே மன்னன் கூற்றை மறுக்கவில்லை. அதனை அப்படியே ஏற்றுக்கொண்டான். மன்னன் தன் பொய்யாலேயே கட்டுண்டான். தடுப்பானாயின் தான் பொய்யன் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். இரண்டாவது, ‘வாயில் மண்’ என்னும் வழக்கு. பிழைப்பு அழிந்தமையைக் குறிக்க அவ்வாறு கூறுதல் சிங்களத்திலும் தமிழிலும் உளது. துயரத்தின் குறியாகிய அத்தொடர் ஈண்டு இனிப்பை உண்ணுதற்கு வாயிலாயிற்று. மூன்றாவது, கதை சர்க்கரை உண்டதோடு முடிகின்றது. மன்னன் நாணினான் என்றோ, அறிவே வென்றது என்றோ உரை கூறுவார் இலர். விளக்கப் புகுந்தால் நகை மாயும் என்பதைப் பெயரறியாத அக்கதைஞர் நன்குணர்ந்திருந்தனர்.

மற்றொரு கதை இதனினும் நுண்ணியது. அந்தரேயின் மனைவியைக் காண அரசி விழைந்தாள். “அவளுக்குக் காது கேளாது; உரக்கப் பேசுதல் வேண்டும்” என்று அரசியிடம் கூறிய அந்தரே, மனைவியிடம் சென்று அரசிக்கே காது கேளாதென்றான். இருவரும் சந்தித்தபோது அரண்மனை அதிரக் கூவினர். நகை செவிட்டுத்தன்மை பற்றியதன்று. இருவருள் ஒருவரும் செவிடரல்லர். ஒருவர்க்கொருவர் உதவக் கருதிய நன்மனமே அக்கூச்சலுக்குக் காரணமாதலின், கேட்போர் நகைக்கின்றனரேயன்றி இகழ்கின்றிலர். அவ்விருவரும் அறியாததைக் கேட்போர் முன்னரே அறிந்திருத்தலே இதன் உயிர்நிலை. அரசியும் ஏவலன் மனைவியும் அக்கணத்தில் ஒரே நிலையினராகின்றனர் என்பதும் நோக்கற்பாலது.

இக்கதைகளை நடந்த செய்திகளாகக் கொள்ளுதல் தவறு. கிருட்டிணதேவராயர் அவையின் தெனாலிராமன் மேலும், அக்பர் அவையின் பீர்பால் மேலும் இத்தகைய கதைகள் ஏற்றியுரைக்கப்படுகின்றன. கதைகள் ஊர்விட்டு ஊர்செல்லும், பெயர்களும் மாறும். எனினும் ஒரு மக்கட்கூட்டம் எத்தகைய மன்னனைத் தன் கதையில் அமர்த்துகின்றது என்பது வரலாற்றுச் சான்றேயாம்.

1760 இல் கீர்த்தி ஸ்ரீயைக் கொல்லப் பிரதானிகளும் பிக்குகள் சிலரும் சதிசெய்தனர். திருநீறு அணிவோன் என்பது அவன்மேற் சாட்டப்பட்ட குறைகளுள் ஒன்று. 1815 மார்ச் 2 ஆந் திகதிக் கண்டி உடன்படிக்கை, இறுதி மன்னனின் உறவினரை ‘மலபாரிகள்’ எனச் சுட்டி, அவர்கள் கண்டி நாட்டினுள் நுழைதலைத் தடைசெய்தது. அவ்வுடன்படிக்கையிற் சிங்களப் பிரதானிகளுட் சிலர் தமிழெழுத்திற் கையொப்பமிட்டனர் என்பது வியப்புக்குரியது. மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832 இல் ஆங்கே இறந்தான். இவ்வாறு சதியும் சாசனமும் மன்னரை அயலவராகக் காட்ட, சிங்களக் குடிமக்கள் கூறிய சர்க்கரைக் கதை அவ்வாறு காட்டவில்லை. அதில் வரும் மன்னன் குடிகளின் மரபுமொழியை உணர்ந்தவன். தன் ஏவலனிடம் தோற்றும் சினவாதவன். பிரதானிகளின் பகைமையைக் குடிமக்களின் பகைமையாகக் கொள்ளுதல் பிழையாம் என்பதை இந்நகை நமக்கு அறிவுறுத்துகின்றது.

ஆட்சி மாறிய பின்னரும் சிறுநகையின் தொழில் மாறவில்லை. 1964 இற் சி. சிவஞானசுந்தரம் தொடங்கிய ‘சிரித்திரன்’ இதழில், மகுடி என்னும் பெயரில் அவர் எழுதிய விடைகள் ஓரிரு வரிகளில் முடிந்தன. கேள்வியைப் பகையாது ஏற்று, கேட்டவன் சொல்லைக்கொண்டே அவனை மடக்கும் முறை அந்தரே கையாண்டதேயாம். வலியோனை நோக்கி எளியோன் நகைக்கும்போது நகை நீதியாகின்றது. எளியோனை நோக்கி வலியோன் நகைப்பின் அது கொடுமையாகின்றது. தொல்காப்பியனார் கூறிய எள்ளல் இவ்விரண்டனுள் எப்பக்கம் நிற்கின்றது என்பதே நகைச்சுவையை எழுதுவோரும் ஆய்வோரும் முதற்கண் வினாவற்பாலது. அவ்வினாவுக்கு அந்தரே கதைகள் தரும் விடை தெளிவானது. அவ்விடையைக் காத்துவந்தோர் ஏட்டில் இடம்பெறாத எளிய குடிமக்கள் என்பதும் மறக்கற்பாலதன்று.