கொப்பிக் கணக்கு

புத்தளத்து அகதி முகாமில் என் வாப்பாவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து உடுத்த உடையோடு வந்தவர்களில் நாங்களும் அடக்கம். வந்த மறுமாதமே வாப்பா எழுதத் தொடங்கிவிட்டார். குடும்பத் தலைவரின் பெயர், ஊர், ஆட்கள் எத்தனை, காணி எவ்வளவு; கடைசி நிரலின் தலைப்பு 'எங்கே'. அந்த நிரலில் கொழும்பு, சவூதி, மௌத்து என்று வருடக்கணக்காக எழுதிக்கொண்டே இருந்தார்.

பின்னர் ஒரு நிவாரண நிறுவனம் கணக்கெடுப்புக்கு ஆள் தேடியது. வாப்பா கொப்பியோடு போனார்.

"நானா, எதுவரைக்கும் படிச்சிருக்கிறீங்க?"

"எட்டாம் வகுப்பு. ஆனா இந்தக் கொப்பியில இருக்கிற எல்லாரையும் எனக்குத் தெரியும், தம்பி."

கொப்பியைப் பிரதி எடுத்துக்கொண்டு, வேலையை ஒரு பட்டதாரிக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளையும் நல்ல பிள்ளைதான். சந்தேகம் வந்தால் வாப்பாவைத் தேடித்தான் வரும்.

முள்ளிவாய்க்கால் பற்றிய அறிக்கைகளை வாசிக்கையில் எனக்கு அந்தக் கொப்பி ஞாபகம் வருகிறது. எங்களை வெளியேற்றியவர்களின் ஆட்சிப் பரப்பாக இருந்த மண் அது. ஆனால் 2009இல் அங்கே அகப்பட்டுக் கிடந்த சனங்கள் எங்கள் அயலவர்கள். வாப்பாவின் கடையில் கடன் கொப்பியிலும் பெயர் இருந்தவர்கள்.

2009 பெப்ரவரியில் அங்கிருந்து கடமையாற்றிய முல்லைத்தீவு மேலதிக அரசாங்க அதிபர் கே. பார்த்திபன், சுமார் 330,000 பேர் அகப்பட்டிருப்பதாகக் கொழும்புக்கு அறிவித்தார். அரசாங்கம் அக்காலத்தில் சொல்லி வந்த தொகையோ 70,000. அவருடைய கணக்கு ஆதாரமற்றது என அமைச்சு மறுத்ததையும், ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க நேரும் என்று எச்சரித்ததையும் 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இது வெறும் எண் தகராறு அல்ல. தொகையைப் பார்த்துத்தான் கப்பலில் அரிசியும் மாவும் மருந்தும் ஏறும். 70,000 பேருக்கு அளந்த உணவை அதைப்போல் பல மடங்கு பேர் பங்கிட வேண்டும் என்றால் என்ன நடக்கும் என்பதை, வரிசையில் நின்று பங்கீடு வாங்கிய எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

மே மாதம் யுத்தம் முடிந்தது. மனிக் பாமிலும் ஏனைய முகாம்களிலும் தலைகளை எண்ணிப் பார்த்தபோது ஏறக்குறைய 280,000 பேர் இருந்தார்கள். யார் கணக்குச் சரிக்குக் கிட்ட நின்றது என்பதை அந்தச் சனங்களே நடந்து வந்து காட்டினார்கள்.

புள்ளிவிபரவியல் என்ற துறையே இப்படிப்பட்ட ஒருவரிடமிருந்துதான் தொடங்கியது. லண்டனில் துணிமணி விற்ற ஜோன் கிரான்ட் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போனவரல்லர். வாராவாரம் அச்சாகி வந்த மரணப் பட்டியல்களைச் சேர்த்துவைத்து ஆராய்ந்து 1662இல் ஒரு நூல் எழுதினார். பிணத்தைப் பார்த்து மரணக் காரணம் சொல்லி அந்தப் பட்டியல்களுக்குத் தகவல் கொடுத்தவர்களோ வயதான ஏழைப் பெண்கள். லண்டனில் இருபது இலட்சம் பேர் வாழ்வதாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நான்கு இலட்சத்துக்கும் குறைவே என்று கிரான்ட் கணக்கிட்டுக் காட்டினார். அந்த ஆண்டே றோயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. கடைக்காரர் ஆயிற்றே என்ற தயக்கத்தை மன்னர் இரண்டாம் சார்ள்ஸே ஒதுக்கித் தள்ளினார் என்பார்கள். நம் நாட்டுக் கணக்காளருக்கு வாய்த்ததோ எச்சரிக்கைக் கடிதம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் கற்றது சமயக் கல்வி. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் அவர் வைத்தது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய ஒரு கழித்தல். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர் கச்சேரிப் பதிவின்படி 429,059. 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் ஐ.நா. தகவலின்படி 282,380. மிகுதி 146,679.

இத்தொகையை இறந்தோர் தொகையாகவே எடுத்துப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இடம்பெயரும் குடும்பம் இரண்டு கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் பதிவாகிவிடும். பங்கீடு கிடைக்கட்டும் என்று தலைகள் கூடும். முகாமுக்கு வராமல் வேறு வழியாய்ப் போனவர்களும் இருப்பார்கள். வாப்பாவின் 'எங்கே' என்ற நிரல் கச்சேரிப் பதிவில் இல்லை. ஆனால் ஆயரும் அவர்களெல்லாம் இறந்துவிட்டார்கள் என்று சொல்லவில்லை. இத்தனை பேருக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்டார். கழித்தல் பிழையென்றால் பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்து பிழையைக் காட்டியிருக்கலாம். கணக்குத் தெரிந்தவர்களும் பட்டம் பெற்றவர்களும் நிறைந்த திணைக்களம் அரசிடம் இருக்கவே செய்தது. அத்திணைக்களம் 2011இல் வடக்கில் வீடு வீடாகக் கணக்கெடுத்து, மிகக் குறைந்த தொகையொன்றை 2012இல் வெளியிட்டது. மொத்தமாக அழிந்துபோன ஒரு குடும்பத்தின் வீட்டில், கதவைத் திறந்து பதில் சொல்ல எவர் இருந்திருப்பார்?

ஆயர் 2021 ஏப்ரல் முதலாந் திகதி காலமானார். 146,679 என்ற அந்த எண்ணுக்கு எதிரே நிரப்ப வேண்டிய நிரல் அன்றும் வெறுமையாகவே இருந்தது.