மறதிநோயாளரின் வலியும் செவிலியர் அறிவும்: ஒரு வரலாறு

டிமென்சியா எனப்படும் மறதிநோய் முற்றிய நிலையில் இருப்பவர், தமக்கு வலி இருந்தாலும் அதைச் சொல்ல இயலாதவராகிறார். எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்ற கேள்விகளுக்கு அவரிடமிருந்து விடை கிடைப்பதில்லை. எனவே அவருடைய வலியைக் கண்டறியும் பொறுப்பு பெரும்பாலும் அருகில் இருந்து பராமரிக்கும் செவிலியரையே சேர்கிறது. இதற்கான முறையான அறிவு செவிலியர் கல்வியில் தொடக்கம் முதலே இருந்ததன்று. அது பெரும்பாலும் 1990களுக்குப் பிறகு உருவானது.

நோயாளியின் சொல்லே அளவுகோல்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, நோயாளிக்கு வலி எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் மருத்துவரும் செவிலியருமே முடிவு செய்தனர். செவிலியராகப் பயிற்சி பெற்றுப் பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வகத்தைத் தொடங்கினார். வலி திரும்பும் வரை காத்திராமல், குறித்த நேர இடைவெளிகளில் மருந்து கொடுக்கும் முறையை அவர் வலியுறுத்தினார்.

1968இல் அமெரிக்கச் செவிலியர் மார்கோ மெக்காஃபெரி, வலி இருக்கிறதா என்பதற்கு அதை அனுபவிப்பவரின் சொல்லே சான்று என்ற கருத்தை முன்வைத்தார். நோயாளியை நம்ப வேண்டும் என்ற இக்கொள்கை செவிலியப் பணியில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது. 1975இல் ரொனால்ட் மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வலி வினாத்தாளும், பூச்சியம் முதல் பத்து வரை எண் கேட்கும் முறையும் இதே அடிப்படையில் அமைந்தவை.

ஆனால் இவை அனைத்துக்கும் நோயாளி பேச வேண்டும், நினைவுகூர வேண்டும், ஒப்பிட வேண்டும். இம்மூன்றையும் இழந்தவர் இந்த முறைகளுக்கு வெளியே நின்றார்.

பேசாதவருக்குக் கிடைக்காத மருந்து

மறதிநோயாளருக்கு வலி உறைப்பதில்லை, முதுமையில் வலி இயல்பே, முறையிடாதவருக்கு வலி இல்லை என்ற தவறான எண்ணங்கள் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பரவியிருந்தன. 1987இல் பெட்டி ஃபெரலும் மெக்காஃபெரியும் வலி பற்றிய செவிலியரின் அறிவையும் மனப்பாங்கையும் அளக்கும் வினாத்தாள் ஒன்றை உருவாக்கினர். அதைப் பயன்படுத்திப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், அபினி வகை மருந்துக்கு நோயாளி அடிமையாகிவிடுவார் என்ற மிகையான அச்சம் செவிலியரிடையே மீண்டும் மீண்டும் காணப்பட்டது.

இதன் விளைவை ஷான் மாரிசன், ஆல்பர்ட் சியூ ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நியூயார்க் ஆய்வு காட்டியது. இடுப்பெலும்பு முறிந்து சேர்க்கப்பட்ட முதியவர்களை அவர்கள் ஒப்பிட்டனர். முறிவு ஒரே வகையானது. ஆனால் முற்றிய மறதிநோய் உள்ளவர்களுக்கு, தெளிந்த நினைவுள்ளவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மார்பின் அளவில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்திருந்தது.

வலியால் கத்துவதும், குளிப்பாட்டும்போது கையை உதறுவதும், உணவை மறுப்பதும் மறதிநோயின் குணங்களாகவே பல நேரம் கருதப்பட்டன. அதனால் வலிநீக்கிக்குப் பதிலாக மனநோய் மருந்துகள் கொடுக்கப்படுவதும் உண்டு. மறதிநோயுள்ள முதியவர்களுக்கு இம்மருந்துகளில் புதிய வகையைக் கொடுப்பது இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது.

உடலைப் பார்த்து அறிதல்

1992இல் ஆன் ஹர்லி என்ற செவிலிய ஆய்வாளரும் குழுவினரும், அல்சைமர் நோயாளரின் உடல் வேதனையை அளக்க ஒன்பது கூறுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டனர். அதைப் பயன்படுத்த நீண்ட பயிற்சி தேவைப்பட்டது. எனவே 2003இல் விக்டோரியா வார்டன், ஹர்லி, லாடிஸ்லாவ் வோலிசர் ஆகியோர் எளிய வடிவம் ஒன்றை உருவாக்கினர். பெய்னாட் எனப்படும் இதில் மூச்சு, முனகல் முதலிய ஒலிகள், முகபாவம், உடல்மொழி, ஆறுதலுக்கு அடங்கும் தன்மை என ஐந்து கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10 மதிப்பெண். 2004இல் ஆஸ்திரேலியாவின் அபே அளவுகோலும், கனடாவின் பாக்ஸ்லாக் பட்டியலும் வெளிவந்தன.

2011இல் பெட்டினா ஹுசெபோவும் குழுவினரும் நார்வேயின் 18 முதியோர் இல்லங்களில் 352 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு எட்டு வாரங்கள் படிப்படியான வலி மருத்துவம் அளிக்கப்பட்டது. பெரும்பாலோருக்குப் பாராசிட்டமாலே போதுமானதாக இருந்தது. வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களைவிட இவர்களின் கிளர்ச்சி நடத்தை 17 விழுக்காடு குறைந்தது. நோயின் குணம் என்று எண்ணப்பட்டதில் ஒரு பகுதி வலியின் வெளிப்பாடு என்பது இதனால் உறுதிப்பட்டது.

அளவுகோலின் எல்லை

இவ்வளவுகோல்கள் வலியை நேரடியாக அளப்பதில்லை. அச்சம், பசி, மலச்சிக்கல் ஆகியவையும் அதே அடையாளங்களைத் தரக்கூடும். எனவே மதிப்பெண்ணோடு வேறு சில நடைமுறைகளும் தேவைப்படுகின்றன:

- பேச இயலும் நிலையில் உள்ளவரிடம் முதலில் எளிய சொற்களில் கேட்டு, விடைக்குக் காத்திருத்தல்.
- படுத்திருக்கும்போது மட்டுமன்றி, எழுப்பும்போதும் திருப்பும்போதும் கவனித்தல்.
- அவருடைய வழக்கமான நடத்தை எது என்று குடும்பத்தாரிடம் அறிதல்.
- ஐயம் இருந்தால், மருத்துவர் அறிவுரைப்படி வலிநீக்கி கொடுத்து மாற்றத்தைப் பதிவு செய்தல்.

பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையின் குறிப்புகளில், வலியைச் சொல்ல இயலாமை வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது என்று கூறப்பட்டுள்ளது. மெக்காஃபெரியின் கொள்கை இதனால் கைவிடப்படவில்லை. சொல்ல முடிந்தவரின் சொல்லே இன்றும் முதன்மைச் சான்று. சொல்ல முடியாதவரிடத்தில் அவருடைய முகத்தையும் மூச்சையும் அசைவையும் அதே நம்பிக்கையோடு ஏற்க வேண்டும் என்பதே செவிலியம் பின்னர் சேர்த்துக்கொண்ட பாடமாகும்.