பட்டனை அமத்தினால் படம்: சின்னக் கமராக்களின் கதையும் எங்கள் மூத்தம்மாவின் படமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 10 பிள்ளைகளிடம், வீட்டில் இருக்கிற பழைய பொருள் ஒன்றைக் கொண்டு வரச் சொன்னேன். வரலாற்றுப் பாடத்துக்காக. ஒருவர் பித்தளைப் படிக்கம் கொண்டு வந்தார். ஒருவர் மூத்தாப்பாவின் கூப்பன் புத்தகம். ஒரு மாணவன் பொலித்தீன் பையில் சுற்றி, பெட்டரி கசிந்து பச்சை பிடித்த ஒரு பழைய பில்ம் கமராவைக் கொண்டு வந்தான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"சேர், எடுத்த படத்த இதுல எங்க பாக்கிற?"

"பார்க்க ஏலாது. ரோல் முடிஞ்சு, கழுவி வந்த பிறகுதான்."

"அப்ப சரியா விழுந்திச்சா இல்லையா எண்டு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடைய மாமாவும் அவருடைய சின்னக் கமராவும்தான் நினைவுக்கு வந்தார்கள். அந்தக் கதையைச் சொல்ல முதல், இந்தக் கமரா நம் வீட்டுக்கு வந்த பாதையைச் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் படம் எடுப்பது சாதாரண மனிதரின் வேலையாக இருக்கவில்லை. ஜூலியா மார்கரட் கமரூன் என்ற பெண்மணியை உதாரணமாகச் சொல்லலாம். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கமராவில் படம் எடுக்கத் தொடங்கினார். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். அவருடைய கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு. அதில் இரசாயனத்தைப் பூசி, ஈரம் காயுமுன் கமராவுக்குள் வைத்து எடுத்து, அந்த ஈரத்தோடேயே இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். பணமும் பொறுமையும் வேலையாட்களும் இருந்தவர்களுக்கே அது முடிந்தது.

இதை மாற்றியவர் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரத்தில் இருந்த ஜோர்ஜ் ஈஸ்ட்மன். 1888இல் அவர் 'கொடக்' என்ற பெட்டிக் கமராவை விற்பனைக்கு விட்டார். விலை 25 டொலர். உள்ளே 100 படத்துக்கான ரோல் போட்டே வரும். 100 படமும் முடிந்ததும் கமராவோடு தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். 10 டொலருக்குப் படங்களைக் கழுவி, புது ரோல் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். படங்கள் வட்ட வடிவம். எடுக்கிறவருக்கு இரசாயனமும் தெரியத் தேவையில்லை, இருட்டறையும் தேவையில்லை. பட்டனை அமத்தினால் சரி.

ஆனால் 25 டொலர் அன்று பெரிய காசு. 1900ஆம் ஆண்டு அதே நிறுவனம் 'பிரவுனி' என்ற கமராவை ஒரே ஒரு டொலருக்கு விட்டது. கடுதாசி மட்டைப் பெட்டி, முன்னால் ஒரு சாதாரண வில்லை, அவ்வளவுதான். 6 படத்துக்கான பில்ம் 15 சதம். சிறுவர் கதைகளில் வருகிற குட்டி உருவங்களின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். பிள்ளைகளும் வாங்கட்டும் என்பது அவர்களுடைய எண்ணம். முதல் ஆண்டிலேயே ஒரு இலட்சத்துக்கு மேல் விற்றது.

அந்த மட்டைப் பெட்டியில் தூரம் சரிசெய்கிற வசதி கிடையாது. பிறகு எப்படிப் படம் விழுந்தது? ஒளி போகிற துவாரத்தைச் சின்னதாக வைத்துவிட்டார்கள். துவாரம் சிறிதானால் கிட்டடியும் தூரமும் ஓரளவு சேர்ந்தே தெளிவாக விழும். கண் மங்கலானவர் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாரே, அதே வித்தைதான். ஆனால் சின்னத் துவாரத்துக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். "சூரியன் உனக்கு முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்" என்று அந்தக் காலத்தில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தது இதனால்தான். பழைய குடும்பப் படங்களில் எல்லாரும் கண்ணைக் கூசிக்கொண்டு நிற்பதும் இதனால்தான். வெயில் அவர்களுடைய முகத்தில் அடித்தது.

இலங்கையில் அப்போது ஸ்டூடியோக் காலம். கொழும்பில் பிளாட்டே கம்பனி 1890இலேயே தொடங்கிவிட்டது. தொழிலாக இல்லாமல் விருப்பத்துக்காகப் படம் எடுத்து உலகம் அறிந்தவர் லயனல் வென்ட். 1900இல் பிறந்து 1944இல் காலமானவர். சட்டம் படித்தார், பியானோ வாசித்தார், பரிசோதனைக்காக விதவிதமாகப் படம் போட்டுப் பார்த்தார். அவர் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் தன் கையால் போட்ட பிரிண்டுகள்தான் மிஞ்சின. கொழும்பில் அவர் பெயரில் அரங்கே இருக்கிறது. அப்படிப்பட்டவருடைய நெகட்டிவுக்கே அந்தக் கதி என்றால் நம்முடைய வீட்டுப் படங்களை நினைத்துப் பாருங்கள்.

சுருக்கமாகப் பார்த்தால், 1963இல் இன்ஸ்டமட்டிக் வந்தது. பில்மைக் கோத்துப் போடவே தேவையில்லை, டப்பாவைப் போட்டால் போதும். 1970 ஆகும்போது 5 கோடிக்கு மேல் செய்துவிட்டார்கள். 1975இல் ஜப்பானின் கொனிகா, பிளாஷை உள்ளேயே வைத்த சின்னக் கமராவைத் தந்தது. 1977இல் அதே நிறுவனம் தானாகத் தூரம் அளக்கிற கமராவைத் தந்தது. அதற்குப் பிறகு எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்தன. அந்தக் கமராக்கள்தான் 80களில் சவூதி, குவைத், கட்டார் போய் வந்தவர்களின் பெட்டிக்குள் டேப் ரெக்கோடரோடும் கம்பளியோடும் நம் ஊர்களுக்கு வந்தன.

என் மாமா 1985இல் ஜித்தாவிலிருந்து வந்தபோது கொண்டு வந்ததும் அப்படி ஒன்றுதான். எங்கள் ஊர் மருதமுனை. மாமா தறிக்காரக் குடும்பத்து ஆள். நூலை எண்ணிப் பழகிய கை. கமராவையும் அப்படித்தான் பாவித்தார். ஒரு ரோலில் 36 படம். ரோல் வாங்கவும் காசு, கழுவவும் காசு. அதனால் ஒரு சி.ஆர். கொப்பியில் ஒவ்வொரு படத்துக்கும் இலக்கம் போட்டு, எத்தனை மணி, வெயில் எந்தப் பக்கம், ஆள் எத்தனை எட்டுத் தூரம் என்று எழுதி வைப்பார். படம் கழுவி வந்ததும் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

அவர் செய்த பரிசோதனைகள் கொஞ்சமல்ல. பிளாஷ் முகத்தில் பளீரென்று அடிக்கிறது என்று அதன் மேல் வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைக் கட்டினார். முகம் மென்மையாக விழுந்தது. வாப்பாவின் பூதக்கண்ணாடியைக் கமராவுக்கு முன்னால் பிடித்துத் தறி நூலைக் கிட்டடியில் எடுக்கப் பார்த்தார். நூலுக்குப் பதிலாகத் தறிக்கட்டைதான் விழுந்தது. அந்தக் கமராக்களில் நாம் பார்க்கிற கண்ணாடி வேறு, படம் பிடிக்கிற வில்லை வேறு. தூரத்தில் இது தெரியாது. கிட்டே போனால் இரண்டும் வேறு வேறு இடத்தைப் பார்க்கும். மாமா இதைத் தானாகவே கண்டுபிடித்து, "கொஞ்சம் தள்ளிப் பிடிச்சா சரி" என்று கொப்பியில் எழுதியிருந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் படம் என்றால் அடையாள அட்டைக்கு எடுக்கிற ஒன்றுதான். ஸ்டூடியோவில் இருப்பவர் அந்நிய ஆண். படம் எடுப்பது கூடுமா கூடாதா என்ற பேச்சும் இருந்தது. வீட்டுக்குள் சொந்தச் சகோதரனின் கையில் கமரா வந்த பிறகுதான் குசினி, தறி, தலைவாரல், திண்ணைப் பேச்சு எல்லாம் படத்துக்குள் வந்தன. ஊர் வரலாற்றில் இது பெரிய மாற்றம் என்று நான் நினைக்கிறேன். அப்போதும் ஒரு தயக்கம் இருந்தது. கழுவுகிற கடையில் யாரோ பார்ப்பார்களே! மாமா தெரிந்த ஒருவரின் கடைக்கு மட்டுமே ரோலைக் கொடுப்பார், பக்கத்தில் நின்று வாங்கி வருவார்.

1986இல் என் சாச்சியின் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். மாமா இரண்டு பேரையும் சரி நடுவில் வைத்து ஒரு படம் எடுத்தார். கழுவி வந்தபோது வீடே சிரித்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் மங்கல். பிளாஷ் அடித்து முகம் இரண்டும் வெளிறிப் போயிருந்தன. இரண்டு தலைக்கும் நடுவில், பின்னால் தெரிந்த குசினி வாசல் மட்டும் துல்லியம். சுவரில் தொங்கிய கலண்டரின் திகதியைக் கூட வாசிக்கலாம். வாசலில் மூத்தம்மா குந்தியிருந்து பாக்கு இடித்துக்கொண்டிருந்தார்.

மூத்தம்மா கமராவைக் கண்டாலே முக்காட்டை இழுத்து மறுபக்கம் திரும்புகிறவர். அவரை மாமா ஒரு நாளும் எடுத்ததில்லை. இதிலும் எடுக்க நினைக்கவில்லை.

மாமாவுக்கோ ஏன் இப்படி வந்தது என்று தெரிந்தாக வேண்டும். படத்தை எடுத்துக்கொண்டு சம்மாந்துறையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நண்பரிடம் போனார். அவர் விளக்கம் சொன்னார். கமரா சரி நடுவில் இருப்பதன் தூரத்தைத்தான் அளக்கும். இரண்டு பேர் நின்றால் நடுவில் இருப்பது இடைவெளி. அந்த இடைவெளியால் பின்னால் தெரிவதைத்தான் கமரா பிடித்தது. பிழை கமராவில் இல்லை. அது சொன்னதைச் செய்தது. அந்த நண்பர், வில்லை பாடம் நடத்த நல்ல உதாரணம் என்று படத்தைக் கேட்டு வாங்கித் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். எங்கள் வீட்டில் மூத்தம்மாவும் போனார். அல்பங்கள், நெகட்டிவ் பெட்டி, மாமாவின் கொப்பிகள், மூத்தம்மாவின் அடையாள அட்டை, ஒன்றும் மிஞ்சவில்லை. நல்லது என்று நாங்கள் பத்திரப்படுத்தி வைத்த படங்கள் எல்லாம் கடலோடு போயின.

இரண்டு வருடத்துக்குப் பிறகு சம்மாந்துறை நண்பர் ஒரு கடித உறையோடு மாமாவைத் தேடி வந்தார். உள்ளே அந்தப் பிழையான படம். மாமா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். இன்று எங்கள் குடும்பத்தில் மூத்தம்மாவின் முகம் இருக்கிற ஒரே படம் அதுதான். எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் மூத்தம்மாவைத் தெரிந்துகொண்டார்கள். பழைய வீட்டின் குசினி வாசல் எப்படி இருந்தது, எந்த உரலில் பாக்கு இடித்தார் என்பதற்கும் அதுதான் சாட்சி.

அதிலிருந்து நான் ஒன்று படித்தேன். நாம் படத்தில் முக்கியம் என்று நடுவில் வைப்பது ஒன்று. வரலாற்றுக்குப் பிறகு தேவைப்படுவது பெரும்பாலும் அதன் பின்னால் தற்செயலாக விழுந்திருப்பது. பின்னால் தெரிகிற பழைய பள்ளிவாசல், கரைவலைத் தோணி, கடற்கரை வீட்டு வேலி, கடைப் பலகையில் உள்ள விலை, எல்லாமே ஆவணம்தான்.

2011இல் ஜப்பானில் சுனாமி வந்த பிறகு, சேற்றுக்குள் கிடந்த இலட்சக்கணக்கான குடும்பப் படங்களைத் தொண்டர்கள் பொறுக்கி, தண்ணீரில் மெல்லக் கழுவி, காயவைத்து, உரியவர்களிடம் சேர்த்தார்கள். 2004இல் எங்களுக்கு அந்த யோசனை வரவில்லை. சேற்றில் கிடந்த அல்பங்களைக் குப்பையோடு சேர்த்து எரித்தோம். ஜனாஸாக்களைத் தேடிய நாட்களில் படத்தைத் தேட யாருக்கு மனம் வரும்?

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. 1975இல் செய்த முதலாவது டிஜிட்டல் கமராவுக்கு ஒரு படத்தைக் கெசட் நாடாவில் பதிய 23 வினாடி எடுத்தது. அதைச் செய்த கொடக் நிறுவனம் 2012இல் கடனில் விழுந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. நாமோ ஒரு கல்யாணத்தில் ஆயிரம் படம் எடுக்கிறோம். பிழையானதை அந்த இடத்திலேயே அழித்தும் விடுகிறோம். மாமா காலத்தில் போன் இருந்திருந்தால் அந்தப் படம் மூன்று வினாடியில் அழிந்திருக்கும்.

ஆகவே ஊரவர்களிடம் என்னுடைய வேண்டுகோள் இதுதான். அலுமாரியில் இருக்கிற பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே யார், எந்த ஆண்டு, எந்த இடம் என்று கேட்டு, பின்பக்க ஓரத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனை வேண்டாம், மை ஊறும். பசை ஒட்டுகிற அல்பத்தில் இருந்தால் அவசரப்பட்டு உரிக்காதீர்கள், இருக்கிறபடியே போனில் ஒரு பிரதி எடுங்கள். நிழலான பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல். நெகட்டிவ்களை வீசாதீர்கள். பிரதி ஒன்றை வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். எங்கள் படம் தப்பியது அது சம்மாந்துறையில் இருந்ததால்தான்.

கமரா கொண்டு வந்த மாணவனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். மறுநாள் அவன் வாப்பாவிடம் கேட்டு, அந்தக் கமராவில் கடைசியாக எடுத்த ரோலின் நெகட்டிவைக் கொண்டு வந்தான். யன்னல் வெளிச்சத்தில் பிடித்து வகுப்பே பார்த்தது. அந்த நெகட்டிவில் இருக்கிறவர்களின் பெயரை வீட்டில் கேட்டு எழுதி வருவதுதான் அவனுக்கு வீட்டு வேலை.

மூத்தம்மாவின் படத்தைப் போடச் சொல்லிச் சிலர் கேட்பீர்கள். போடமாட்டேன். கமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பியவர் அவர். அவர் விரும்பாமலே எடுபட்ட படம் அது. குடும்பத்துக்குள் இருக்கட்டும்.

அவருக்காகவும், அன்று கடலோடு போன எல்லாருக்காகவும் துஆச் செய்யுங்கள்.