தரங்கம்பாடியும் அக்காக்குயிலும்

காட்டிலும் அடர்ந்த தோப்பிலும் வாழும் அக்காக்குயிலின் அறிவியற்பெயர் கடற்கரையூர் ஒன்றிலிருந்து தொடங்குவது சற்று வியப்புக்குரியது. மார்ட்டின் வால் (1749–1804) என்னும் அறிஞர் 1797ஆம் ஆண்டு கோபனேகன் இயற்கை வரலாற்றுக் கழக வெளியீட்டில் இப்பறவைக்குக் ‘குக்குலஸ் வேரியஸ்’ எனப் பெயரிட்டார். இதன் மூலவிடம் தரங்கம்பாடி. 1620இல் டேனியர் கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்ற அவ்வூரிலிருந்து உயிரின மாதிரிகள் பல ஐரோப்பா சென்றன. அங்குப் பணியாற்றிய சமயத் தொண்டர் ஜான் என்பாரின் பெயர் மண்ணுளிப் பாம்பின் அறிவியற்பெயரில் இன்றும் நிற்கிறது.

‘வேரியஸ்’ என்பதற்குப் பலநிறமுடையது என்பது பொருள். அதே வெளியீட்டில் தரங்கம்பாடிக்குரிய மற்றொரு குயில் ‘பாசரினஸ்’, அதாவது குருவி போன்றது, எனப் பெயர் பெற்றது. இரண்டும் தோற்றம் பற்றிய பெயர்களே. பாடம் செய்த உடலைக் கையில் வைத்துப் பார்ப்பவர்க்கு அவை போதும்; காட்டில் நிற்பவர்க்குப் போதா.

காரணம், இக்குயில் வல்லூற்றை ஒத்திருத்தல். சாம்பல் முதுகு, பட்டையிட்ட வால், சிறகடித்துச் சிறகடித்து மிதக்கும் பறப்பு ஆகிய அனைத்தும் வல்லூற்றினுடையவை போன்றே தோன்றும். சிறுபறவைகளும் ஏமாந்து கூச்சலிடுகின்றன. பின்னாளில் இதற்கு அமைந்த பேரினப்பெயரும் ‘பருந்துக்குயில்’ என்னும் பொருளுடைய கிரேக்கத் தொடரே. வளைந்து கொக்கியிட்ட அலகு வல்லூற்றுக்கு உண்டு. குயிலின் அலகு மெலிந்தது. குயிலின் காலில் இருவிரல் முன்னும் இருவிரல் பின்னுமாக அமையும். ஆயினும் இலைச்செறிவில் இவற்றைக் காண்பது அரிது.

ஐயத்தை நீக்குவது குரலே. மும்முறைச் சீழ்க்கை போன்ற ஒலி படிப்படியாக உயர்ந்து உச்சத்தில் சட்டென நின்று, மீண்டும் தாழத் தொடங்கும். கோடையிலும் மழைக்காலத்திலும் நிலவிரவுகளிலும் அது கேட்கும். மராத்தியர் அதனை ‘மழை வந்தது’ என்று கேட்டனர். இந்தி வழக்கில் அது ‘என் அன்பர் எங்கே’ என்னும் வினா. தமிழ் வழக்கும் உறவுமுறைச் சொல்லையே பெயராக்கியது. அருங்காட்சியகப் பெயர் கண்ணைச் சார, மக்கள் வழக்கு செவியைச் சார்ந்தது எனலாம்.

குயிலின் வேறொரு பண்பையும் பழையோர் அறிந்திருந்தனர். பிறரால் வளர்க்கப்பட்டது எனப் பொருள்தரும் ‘பரபிருதம்’ என்னும் வடசொல், குயிற்குஞ்சு பிற குஞ்சுகளைத் தள்ளுவதை ஜென்னர் 1788இல் எழுதியதற்கு மிக முந்தியது. அக்காக்குயில் முட்டையிடுவது பெரும்பாலும் தவிட்டுக்குருவியின் கூட்டில். இனப்பெருக்கக் காலம் கழிந்ததும் குரல் அடங்கிவிடும். அம்மாதங்களில் பறவை அதே காட்டில் இருந்தும் வல்லூறாகவே எண்ணப்பட்டுக் கணக்கில் சேராது போவதுண்டு.