செத்த உடலின் பெயரும் உயிருள்ள குரலும்

பூச்சிகளுக்குப் பெயர் வைத்த வரலாறு பெரும்பாலும் செத்த உடல்களை வாசித்த வரலாறுதான். மரச் சில்வண்டை எடுத்துக்கொள்வோம்: மெலிந்த வெளிர்பச்சை உடம்பு, கண்ணாடிபோன்ற சிறகு, செடியிலும் புதரிலும் வாசம். 1936-இல் லூசியன் ஷோபார் என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர் இலங்கைச் சில்வண்டுகளை வகைப்படுத்தியபோது ஓரினத்துக்கு 'ஈகாந்தஸ் ஹென்றியி' என்று பெயரிட்டார். கொழும்பு அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த ஜி. எம். ஹென்றியின் பெயர் அப்படிப் பூச்சியின்மேல் ஏறியது. ஊசியில் குத்திக் காயவைத்த உடலே அருங்காட்சியக அறிவுக்குச் சான்று. பாட்டு அந்தப் பெட்டிக்குள் அடங்காது.

அதற்காக நம் மொழியைத் தூக்கிப் பிடித்துவிடவும் முடியாது. சங்கப் பாடல்களின் 'சிள்வீடு', இன்றைய 'சில்வண்டு' இரண்டுமே ஒலியிலிருந்து பிறந்த பெயர்கள். ஆனால் பல உயிர்களை ஒரே சத்தத்துக்குள் அடைத்துவிடுகின்றன. எங்க முள்ளிப்பட்டுல பட்டுத்தறித் தெருவில் நடக்கும்போதே எந்தத் தறி ஓடுது, எது நின்னுபோச்சுன்னு காது சொல்லிடும். அதே காது, விளக்கு வச்சப்புறம் வேலியிலிருந்து வர்ற பாட்டை 'சில்வண்டு கத்துது'ன்னு ஒத்தைச் சொல்லுல முடிச்சிடும். அங்கே பெயர் உண்டு, செவி இல்லை. இங்கே செவி உண்டு, பிரித்தறிதல் இல்லை.

இந்த இடைவெளியில்தான் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணனும் மெத்ரானியும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமாகிறது. ஒரே இடத்தில் வாழும் மரச் சில்வண்டு இனங்களைப் பிரித்தறிய உடலமைப்போடு பாட்டும் எவ்வளவு உதவும் என்று அவர்கள் கேட்டார்கள். ஒரு சிறகின் அரம்போன்ற நரம்பை மறுசிறகின் விளிம்பு உரசப் பாட்டு எழுகிறது. வெப்பம் ஏறினால் தாளம் விரையும். அமெரிக்காவில் டால்பேர் 1897-லேயே சில்வண்டை வெப்பமானி என்று எழுதினார். ஆகவே வெப்பநிலையைக் குறிக்காத ஒலிப்பதிவு அரைச் சான்றுதான்.

பாடுவது ஆண். பெண்ணின் காது முன்னங்கால்களில் இருக்கிறது. தன் இனத்தின் பாட்டைக் கேட்டே அது வந்துசேர்கிறது. அப்படியானால் இனத்தின் எல்லையை முதலில் வகுத்தது யார்? ஷோபாரின் மேசையா, பாடாத பெண்பூச்சியின் செவியா?

2020-இல் ரித்திக் தேவ் குழுவினர் இதே ஹென்றியி இனத்தில் இன்னொன்றைக் காட்டினார்கள். சிறிய உடலோ தாழ்ந்த குரலோ உள்ள ஆண்களே பெரும்பாலும் இலையில் ஓட்டை கடித்து, அதற்குள்ளிருந்து பாடுகின்றன. சிறகின் முன்னும் பின்னும் எழும் அலைகள் ஒன்றையொன்று அழிக்காதபடி இலை தடுக்கிறது, குரல் ஓங்குகிறது, பெண்கள் வருகிறார்கள். உடனே இதை 'விளிம்பின் கலகம்' என்று வாசிக்க நமக்குக் கை பரபரக்கும். வேண்டாங்க. ஹென்றியின் பெயரை ஏற்றியவர்கள் செய்ததையே நாமும் நம் சொல்லாடலை ஏற்றிச் செய்தவர்களாவோம்.

எந்தச் செடி, எந்த நேரம், என்ன வெப்பம், விட்டுவிட்டா இடைவிடாமலா என்று நம் வேலிகளில் கேட்டு எழுதிவைக்கலாம். பெயர் அதற்கப்புறம் வரட்டும்.