கேட்பவருக்கே உத்தரவு: இணையச் சாட்சியும் 1 பேதுரு 3:15உம்

இணையத்தில் விசுவாசத்தைப் பகிர்வோரின் பொறுப்பை ஆராய்ந்தோர் பலர் 1 பேதுரு 3:15ஐ ஓர் அனுமதிச் சீட்டாகவே கையாண்டுள்ளனர். ஆயத்தமாயிருக்கச் சொல்லியிருப்பதால் பேசலாம். சாந்தமும் பயமும் பேச்சின் தொனிக்கான விதிகள். இங்கிலாந்துத் திருச்சபையின் 2019ஆம் ஆண்டு இணையச் சாசனமும் எப்படிப் பேசுவது என்பதையே முதன்மையாக்குகிறது. யாரிடம், எப்போது என்பதையே இவ்வசனம் முதலில் வரையறுக்கிறது என்பது என் வாதம்.

கிரேக்க மூலத்தில் ஏவல் வினை ஒன்றுதான்: கிறிஸ்துவை இருதயத்தில் பரிசுத்தப்படுத்துவது. ‘ஆயத்தம்’ அதைச் சார்ந்து நிற்கும் பெயரடை. மறுமொழியைப் பெறுபவரோ ‘கேட்கிறவர்’. இங்கே மறுமொழியைக் குறிக்கும் ‘அப்போலோகியா’ என்ற பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டில் 8 இடங்களில் வருகிறது. அப்போஸ்தலர் 25:16உம் 2 தீமோத்தேயு 4:16உம் நீதி விசாரணை. அப்போஸ்தலர் 22:1இல் எதிரே நிற்பது எருசலேமின் கொதித்த கூட்டம். பிலிப்பியர் முதல் அதிகாரத்தில் அச்சொல் சுவிசேஷத்தோடு இணைவதால் பொருள் விரிகிறது என்பர். எழுதியவர் விலங்கில் இருந்தார் என்பதே அதற்குப் போதிய விடை. எட்டிலும் கேள்வியோ குற்றச்சாட்டோ முந்துகிறது.

நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 3:15இல் இச்சொல்லை ‘உத்தரவு’ என்கிறது. அங்கே அதன் பொருள் மறுமொழி. இன்றைய காதுக்கு அது கட்டளை. சொல்லின் பொருள் நகர்ந்தபோது வாசிப்பும் உடன் நகர்ந்ததோ என ஐயுறுகிறேன், நிறுவ இயலாது.

அதே மொழிபெயர்ப்பு பயத்தைக் குறிக்கும் ‘ஃபோபோஸ்’ என்பதை ‘வணக்கம்’ என்றதால், கேட்பவருக்குக் காட்டும் மரியாதையாக அது வாசிக்கப்படுகிறது. ஆனால் 3:14 மனிதருக்கு அஞ்சுவதைத் தடுக்கிறது. 1:17இல் பயம், நியாயந்தீர்க்கும் பிதாவை முன்னிட்டது. மேலும் கிரேக்கத்தில் 3:15இன் ‘கணக்கு’, ‘ஆயத்தம்’ ஆகிய இரு சொல்வேர்களும் 4:5இல் சேர்ந்தே திரும்புகின்றன: அங்கே தூஷிப்போர், நியாயந்தீர்க்க ஆயத்தமாயிருப்பவருக்குக் கணக்குக் கொடுக்கிறார்கள். தற்செயலாக இருக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டாரிடமே தொடங்கும் என்று 4:17 சொல்வதால், மறுமொழி சொல்பவரும் கூண்டிலேயே நிற்கிறார்.

இதை இணையத்தில் வைத்துப் பார்த்தால் பொறுப்பின் எடை இடம் மாறுகிறது. வசனம் கேட்பது ‘உங்களிலுள்ள’ நம்பிக்கைக்கான கணக்கை. கைமாறி வந்த சுகமளிப்புக் காணொளியைக் குழுக்களுக்குத் தள்ளிவிடுபவர், தாம் காணாததற்குச் சாட்சி சொல்கிறார். 3:16 கோரும் நல்மனச்சாட்சி அங்கே நிற்காது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் விதித்த வரம்பு வணிக நிறுவனத்தின் ஏற்பாடுதான். ஆயினும் சபை தானே வகுத்துக்கொண்டிருக்க வேண்டியது.

போய்ச் சீஷராக்குங்கள் என்ற மத்தேயு 28இன் கட்டளை என்னாவது? அது தனிக் கட்டளை. அதன் பாரத்தை இவ்வசனத்தின் தலையில் ஏற்றத் தேவையில்லை. பதிவுதானே கேள்வியைத் தூண்டுகிறது என்பது சற்று வலுவான மறுப்பு. ஆனால் இந்நிருபத்தில் கேள்வியைத் தூண்டுவது நடக்கை (2:12). 3:1 போதனையின்றியே ஆதாயப்படுத்துவதைப் பேசுகிறது.

ஆகவே பின்னூட்டப் பகுதியை மூடிவிட்டுப் பிரசங்கத்தை ஏற்றும் யூடியூப் அலைவரிசை வேறெந்த வசனத்தையும் துணைக்கு அழைக்கலாம். இதை அழைக்க முடியாது. கேட்கிறவருக்கு அங்கே இடமே இல்லை.